ஏரி சீரமைப்புக்கு நிதி கேட்கும் முன்மொழிவு: படிப்பவர் எதைப் பார்த்து நம்புகிறார்?

கேள்வி: "எங்கள் ஊர் ஏரியைத் தூர்வார சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதி கேட்டு 14 பக்கத்தில் ஒரு முன்மொழிவு எழுதினோம். மூன்று நிறுவனங்களுக்கு அனுப்பியும் பதில் இல்லை. படங்கள், ஊர் வரலாறு, மக்கள் கையெழுத்து எல்லாம் வைத்திருந்தோம். ஒரு முன்மொழிவை ஏற்க வைப்பது எது? அனுப்பும் முன் நாங்களே அதை எப்படி மதிப்பிட்டுப் பார்ப்பது?"

பதில்:

உங்கள் முன்மொழிவை முதலில் படிப்பவர் பெரும்பாலும் முடிவெடுப்பவர் இல்லை. நிறுவனத்தின் சிஎஸ்ஆர் அலுவலர் அதைப் படித்து, பிடித்திருந்தால் குழுவின் முன் வைப்பார். அங்கே நிதிப் பிரிவிலிருந்து ஒருவர் "இந்தத் தொகை எப்படி வந்தது?" என்பார். சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் "ஏரி யாருடையது, அனுமதி இருக்கிறதா?" என்பார். இன்னொருவர் "ரெண்டு வருஷம் கழித்து மறுபடியும் தூர்ந்துபோனால்?" என்பார். அந்த நேரத்தில் நீங்கள் அறையில் இருக்கப்போவதில்லை. அலுவலர் உங்கள் தாளில் விரல் வைத்து ஒவ்வொன்றுக்கும் பதில் காட்ட முடிய வேண்டும். முடிந்தால் அவர் உங்களுக்காக வாதாடுவார், முடியாவிட்டால் அந்தத் தாளை மேலே கொண்டுபோகவே மாட்டார். ஆகவே "எங்கள் துயரம் இவருக்குப் புரிகிறதா?" என்று பார்ப்பதைவிட "இவர் கையில் பதில் இருக்கிறதா?" என்று பார்த்து எழுதுங்கள்.

முதலில் தகுதி. இதில் மதிப்பெண் கிடையாது, தேறுவது அல்லது தவறுவது மட்டும்தான். நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135இன்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதை வெளியார் மூலம் செய்யும்போது, அந்த அமைப்பு பதிவு பெற்ற பொது அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ லாப நோக்கமற்ற பிரிவு 8 நிறுவனமாகவோ இருந்து, வருமானவரி விலக்குக்கான 12ஏ, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவுகளுடன், இதே போன்ற பணியில் மூன்றாண்டு அனுபவம் காட்ட வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவெண்ணும் கட்டாயம். ஊர் இளைஞர் மன்றத்திடம் இவை இல்லையென்றால், தகுதியுள்ள ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்துதான் விண்ணப்பிக்க முடியும். இது இல்லாத தாள் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். பதில் வராமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். பதிவெண்களை முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டு வரி வேண்டும். ஏரிப் பணி சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் எங்கே பொருந்துகிறது என்பது ஒன்று. இயற்கை வளங்களையும் மண், நீர் ஆகியவற்றின் தரத்தையும் பேணுவதைச் சொல்லும் நான்காம் இனம்தான் இதற்குரிய இடம். உங்கள் ஊர் அந்த நிறுவனத்தின் ஆலை அல்லது கிளையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பது மற்றொன்று. தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்வதால், "ஆலையிலிருந்து 9 கிலோமீட்டர்" என்ற ஒரு வரி ஒரு பக்க வர்ணனையைவிட வேலை செய்யும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நிராகரிக்கப்படும் முன்மொழிவுகளில் அடிக்கடி காணும் குறை, தேவையைச் சொல்லிவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் வேலைக்குத் தாவுவது. "ஏரியில் தண்ணீர் இல்லை. ஆகவே தூர்வார வேண்டும்." இந்த "ஆகவே" எங்கிருந்து வந்தது? ஏரியில் தண்ணீர் நிற்காததற்கு வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கலாம். மேலே உள்ள ஏரியின் உபரி நீர் வேறு பக்கம் திருப்பப்பட்டிருக்கலாம். வயலுக்கு நீர் விடும் மதகின் பலகை இற்று ஒழுகலாம். கரையில் எலி வளை, நண்டு வளை வழியாகக் கசியலாம். உபரி நீர் வழியும் கலங்கு உடைந்து நீர் முழு மட்டத்துக்கு ஏறாமலே வழிந்து போகலாம். வண்டல் படிந்திருப்பது இவற்றில் ஒன்று மட்டுமே. காரணம் வேறாக இருந்தால், தூர்வாருவது ஆழமான காலிக் குழியைத்தான் தரும்.

உங்கள் முன்மொழிவு போன்றவற்றில் வழக்கமாக வரும் ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்:

"எங்கள் கிராமத்தின் உயிர்நாடியாக விளங்கும் பெரிய ஏரி பல ஆண்டுகளாகப் பராமரிப்பின்றித் தூர்ந்துபோனதால், விவசாயப் பெருமக்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகியுள்ளனர்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் எந்த ஏரிக்கும் இதை ஒட்டிவிடலாம். இதையே அளந்து பார்த்தவர் எழுதினால் இப்படி வரும் (எண்கள் மாதிரிக்காக):

"ஏரிக்கு நீர் கொண்டுவரும் 1,400 மீட்டர் வரத்துக் கால்வாயில் மூன்று இடங்களில், மொத்தம் 260 மீட்டருக்கு மண் மேடிட்டுச் சீமைக்கருவேலம் மூடிக்கிடக்கிறது. கடைசியாகக் கலங்கு வழிந்தது 2021இல். சென்ற ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தும் மதகில் மூன்றடி நீர்தான் நின்றது. மேட்டுக்கு மேல்புறம் கால்வாய் நிரம்பிப் பக்கத்து வயல்களில் பாய்ந்தது."

இரண்டாவதைப் படிப்பவருக்குத் துயரம் தானாகவே தெரியும். அதோடு செய்ய வேண்டிய வேலையும் அதிலேயே இருக்கிறது. 260 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், சராசரி 0.6 மீட்டர் மேடு என்றால் 468 கன மீட்டர், சுமார் 165 யூனிட் மண் (ஒரு யூனிட் 100 கன அடி). இவ்வளவுதான். 14 பக்கத்தில் கேட்டிருந்த பெரும் தூர்வாரலுக்குப் பதில், முதல் ஆண்டு இந்தக் கால்வாயையும் மதகையும் மட்டும் சரிசெய்யக் கேட்டால் தொகை பல மடங்கு குறையும், பயன் முதல் மழையிலேயே தெரியும். குறைந்த தொகையில் சரியான காரணத்தைத் தொடும் முன்மொழிவுக்கு இருக்கும் நம்பகம், பெரிய தொகை கேட்கும் தாளுக்கு வராது.

தூர்வாரத்தான் வேண்டும் என்று அளவீடு காட்டினால், கணக்குகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். 20 ஏக்கர் நீர்ப்பரப்பில் 2 அடி ஆழம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி; ஆகவே 17,42,400 கன அடி. அது 17,424 யூனிட். தோண்டிய மண் உப்பும். களிமண் கலந்த வண்டல் சுமார் கால் பங்கு கூடுதலாக இடம் பிடிக்கும் என்று கொண்டால், லாரியில் ஏறுவது 21,780 யூனிட். 3 யூனிட் பிடிக்கும் டிப்பரில் 7,260 நடை. இப்போது உங்கள் தாளில் "பணி 15 நாட்களில் நிறைவுறும்" என்று இருந்தால், ஒரு நாளைக்கு 484 நடை. பத்து மணி நேர வேலையில் ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒரு லாரி ஏரியை விட்டு வெளியே வர வேண்டும். ஒரே ஒரு கரைப்பாதை உள்ள ஊரில் இது நடக்காது. குழுவில் ஒரே ஒரு பொறியாளர் இருந்தாலும் போதும், இந்த இடத்தில் நின்றுவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய உண்மைகளையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார். கணக்கில் ஓர் ஓட்டை இருந்தால் மற்ற பக்கங்களின் நம்பகமும் அதோடு போய்விடுகிறது.

மண் எங்கே போகும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கரையைப் பலப்படுத்த எவ்வளவு, விவசாயிகள் வயலுக்கு எடுத்துச் செல்வது எவ்வளவு, அதற்குரிய கனிம விதி அனுமதி யாரிடம் பெறப்படும் என்று மூன்று வரி போதும். இது இல்லாத இடத்தில் "மண் விற்பனைக்கா?" என்ற கேள்வி எழும், அதை வாய்விட்டுக் கேட்கக்கூட மாட்டார்கள்.

அடுத்தது பயன். "500 ஏக்கர் பாசனம் பெறும்" என்று எழுதுவது எளிது. மேலே எடுத்த 20 ஏக்கர், 2 அடி என்பது 40 ஏக்கர்-அடி கொள்ளளவு, கிட்டத்தட்ட 4.9 கோடி லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் நெல்லுக்கு மொத்தம் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை; ஏக்கருக்கு ஏறக்குறைய 4 ஏக்கர்-அடி. ஆக ஒரு முறை நிரம்பினால் இந்தக் கூடுதல் நீர் 10 ஏக்கர் நெல்லுக்குத்தான் போதும். பாதித் தேவையை மழை கொடுத்தால் 20 ஏக்கர், ஏரி இரண்டு முறை நிரம்பினால் 40 ஏக்கர். ஆவியாவதை இன்னும் கழிக்கவில்லை. "இப்போது கடைமடையில் தரிசாகக் கிடக்கும் 30 ஏக்கருக்குக் கடைசி இரண்டு தண்ணீர் கிடைக்கும்" என்று எழுதுங்கள். 500 ஏக்கரைவிட அது சிறியது, ஆனால் உண்மை, சரிபார்க்கவும் முடியும். கடைசித் தண்ணீர் இல்லாமல் கதிர் பதராகிச் சாவியாவதைப் பார்த்தவருக்கு அந்த இரண்டு தண்ணீரின் மதிப்பு தெரியும். தெரியாதவருக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு, பலர் தவறும் இடம் இது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழமாக எடுத்தாலும், அந்த நீர் மதகு வழியாக வயலுக்குப் பாயாது. அது ஏரியிலேயே நின்று நிலத்தடிக்கு இறங்கும், ஆடுமாடு குடிக்கும், மீன் வளரும். இவையும் நல்ல பயன்களே. ஆனால் கீழே எடுத்த ஆழத்துக்குப் "பாசனப் பரப்பு கூடும்" என்று எழுதினால் தவறு. அதேபோல எல்லா இடத்திலும் ஒரே ஆழம் எடுக்கவும் கூடாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரையின் அடி பலவீனமாகும், களிமண் படுகையைத் தாண்டி மணல் அடுக்கைத் தொட்டுவிட்டால் நீர் நிற்காது. மதகின் அடிமட்டம், கலங்கு மட்டம், தரைமட்டம் மூன்றையும் காட்டும் ஒரு குறுக்குவெட்டுப் படத்தைக் கையால் வரைந்தாவது ஒட்டுங்கள். பத்து வண்ணப் படங்கள் சொல்லாததை அது சொல்லும்.

ஒளிப்படங்களைப் பொறுத்தவரை, ஒரே இடத்தில் நின்று கோடையிலும் கார்த்திகையிலும் எடுத்த இரண்டு படங்கள் போதும், தேதியும் இடக்குறிப்பும் பதிந்தவையாக. கால்வாய் மேட்டில் அளவுகோலை நட்டு எடுத்த படம் இன்னும் நல்லது. வறண்ட ஏரியில் முதியவர் அமர்ந்திருக்கும் படத்தைத் தயவுசெய்து வைக்காதீர்கள். அவருடைய முகத்தை வைத்து இரக்கம் கேட்பது அவருக்கும் மரியாதை இல்லை.

உரிமையும் அனுமதியும்: தமிழ்நாட்டில் பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. யாருடையது என்று கண்டுபிடித்து அவர்களின் கடிதத்தை இணையுங்கள். "அனுமதி பெறப்படும்" என்பதற்கும் "அனுமதிக்கு விண்ணப்பித்த நாள், கோப்பு எண்" என்பதற்கும் படிப்பவர் மனத்தில் பெரிய வித்தியாசம். கிராம சபைத் தீர்மானத்தின் நகலும் வேண்டும். 200 கையெழுத்துகளைவிட அந்த ஒரு தாள் கனமானது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி ஜயந்தி தவிர மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூடுவதால் ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு இருக்கிறது.

கால்வாயில் ஆக்கிரமிப்பு இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். "மூன்றாவது மேட்டில் 40 மீட்டர் நீளத்துக்குச் சாகுபடி நடக்கிறது, வட்டாட்சியரிடம் அளவை கோரி மனு கொடுத்திருக்கிறோம், அந்தப் பகுதி இந்த மதிப்பீட்டில் சேர்க்கப்படவில்லை." இப்படி எழுதினால் நிராகரித்துவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். கள ஆய்வுக்கு வருபவர் அதை எப்படியும் பார்த்துவிடுவார். அவர் கண்டுபிடிப்பதைவிட நீங்கள் சொல்லியிருப்பது நல்லது. ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் அரசுக்குத்தான் உண்டு, உங்களுக்கோ நிறுவனத்துக்கோ இல்லை என்பதையும் தெளிவாக எழுதிவிடுங்கள்.

பட்ஜெட்டில் "மொத்தமாக" என்ற சொல்லே வரக்கூடாது. ஒவ்வொரு வரியிலும் அளவு, அலகு, விலை, ஆதாரம் நான்கும் இருக்க வேண்டும். விலைக்கு ஆதாரம் பொதுப்பணித் துறையின் நடப்பு விலை விகிதப் பட்டியல், அல்லது மூன்று விலைப்புள்ளிகள். ஜிஎஸ்டி உள்ளா வெளியா என்று குறியுங்கள். பொக்லைனை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதா, கன மீட்டர் கணக்கில் ஒப்பந்தமா என்பதை முடிவு செய்து எழுதுங்கள். தூர்வாரலுக்குக் கன மீட்டர் கணக்கே பாதுகாப்பு. வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே புள்ளிகளில் மட்டம் எடுத்து, வித்தியாசத்துக்குப் பணம் கொடுக்கலாம். நடை எண்ணிக் கொடுத்தால் அரை லாரியும் முழு லாரியாகிவிடும்.

மேற்பார்வையாளர் சம்பளம், மட்ட அளவை, கணக்குத் தணிக்கை ஆகியவற்றைப் பலர் கூச்சத்தில் விட்டுவிடுகிறார்கள். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று எங்கோ கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த வரம்பு நிறுவனம் தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் பொதுச் செலவுக்கானது. திட்டத்தை வடிவமைக்க, செயல்படுத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. மேற்பார்வைக்கே பணம் ஒதுக்காத பட்ஜெட்டைப் பார்த்தால், அனுபவமுள்ளவர் "அப்படியானால் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்றுதான் கேட்பார். ஊரின் பங்கையும் எண்ணாக எழுதுங்கள்: எத்தனை ஆள், எத்தனை நாள், எத்தனை டிராக்டர்.

பணி முடிந்த பிறகு என்ன என்பது நிறைய தாள்களில் "ஊர் மக்கள் பராமரிப்பார்கள்" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். அகற்றிய சீமைக்கருவேலம் முதல் மழையிலேயே விதையிலிருந்து முளைக்கும். அதைக் கன்றாக இருக்கும்போதே, மண் ஈரமாக இருக்கையில் வேரோடு பிடுங்க வேண்டும். விட்டுவிட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளில் பழைய நிலைதான். எனவே தை மாதத்தில் எத்தனை பேர், எத்தனை நாள், அந்தக் கூலி எங்கிருந்து என்று எழுத வேண்டும். மீன்பாசி (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலத் தொகையில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க ஊராட்சி ஒப்புக்கொண்டால், அதைத் தீர்மானத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மதகைத் திறப்பவர் யார், திருகாணிக்கு மசகு போடுவது எப்போது என்பதுவரை ஒரு அரைப் பக்கம் இருக்கட்டும். பக்க அளவில் சிறியதானாலும், குழுவில் அதிகம் புரட்டப்படும் பக்கம் இதுவாக இருக்கும்.

இனி நீங்களே மதிப்பிடும் முறை. தகுதிச் சல்லடையைத் தாண்டிய பிறகு 100 மதிப்பெண் என்று வைத்தால், காரணம் சரியாக நிறுவப்பட்டிருப்பதற்கு 35, அளவும் பட்ஜெட்டும் பொருந்துவதற்கு 30, பின்னாள் பராமரிப்புக்கு 20, அனுமதிகளின் நிலைக்கு 10 கொடுப்பேன். நடைக்கும் அமைப்புக்கும் 5தான். அதைக் கேட்டு எழுத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். குழப்பமான நடை மற்ற 95ஐயும் மறைத்துவிடும்.

ஒரு பென்சில் எடுத்து பட்ஜெட்டின் ஏதாவது ஒரு வரியில் வையுங்கள். அந்த அளவு எந்த வேலையிலிருந்து வந்தது, அந்த வேலை எந்தக் காரணத்தைத் தீர்க்கிறது, அந்தக் காரணம் எந்த அளவீட்டில் தெரிந்தது என்று பின்னோக்கிக் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு எங்கே அறுகிறதோ அங்கே திருத்த வேண்டும். பிறகு முன்னோக்கியும் செய்யுங்கள்: முதல் பக்கத்தில் சொன்ன ஒவ்வொரு பிரச்சினைக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கிறதா? "மதகு ஒழுகுகிறது" என்று சொல்லிவிட்டு மதகுக்குப் பணமே கேட்காத தாள்கள் வியப்பூட்டும் அளவுக்கு உண்டு.

அடுத்து, ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் முதல் பக்கத்தை மட்டும் இரண்டு நிமிடம் படிக்கக் கொடுத்து, தாளை வாங்கிக்கொண்டு கேளுங்கள்: என்ன கெட்டுப்போயிருக்கிறது, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு, எப்போது முடியும், யார் பார்த்துக்கொள்வார்கள்? ஐந்தில் குறைந்தது நான்குக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசியாக ஊர்ப் பெயரை அழித்துவிட்டுப் படியுங்கள். எந்த ஊருக்கும் பொருந்தும் வாக்கியங்களை வெட்டிவிடுங்கள். 14 பக்கம் 6 ஆகும், அது போதும். அளவைத் தாள்கள், தீர்மானம், விலைப்புள்ளிகள் பின்னிணைப்பாகப் போகட்டும்.

அனுப்பும் நேரம் பற்றி ஒன்று. நிறுவனத்தின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆண்டுச் செயல்திட்டமும் அதை ஒட்டித்தான் இயக்குநர் குழுவின் முன் வரும். ஏரியில் வேலை செய்யக் கிடைப்பது நீர் வற்றும் பங்குனி, சித்திரையிலிருந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்வரை. ஜூலையில் தாள் போனால், கள ஆய்வு, ஒப்புதல், ஒப்பந்தம் எல்லாம் முடிந்து பணம் வருவதற்குள் அக்டோபர் மழை ஏரியில் நிற்கும். ஆகவே இந்தக் கார்த்திகையில் நீர்மட்டத்தைக் குறித்துப் படம் எடுங்கள், குடியரசு நாள் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், பிப்ரவரி முடிவதற்குள் தாள் அலுவலரின் மேசையில் இருக்கட்டும். அனுப்பிய பத்தாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு, "எந்தப் பக்கத்தில் சந்தேகம் இருக்கிறது?" என்ற ஒரே கேள்வியோடு.